கடைசி ஆண்டின் கணக்கு

சுங்கை பினாங் வட்டாரத்துப் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேரன்புடைய பெற்றோர்களே,

பரீட்சை முடிவுகள் வெளியாகும் பருவம் வந்துவிட்டதை நாட்காட்டியைப் பார்த்து அறிந்துகொள்ளும் அவசியம் எனக்கு இருப்பதில்லை. மாலை வேளையில் ஃபிளாட்டுகளின் கீழுள்ள ஒட்டுக்கடைகளில், வேலைவிட்டு வந்த களைப்பு நீங்குமுன்பே, "பிள்ளையை எந்த நாட்டுக்கு அனுப்புவதாக உத்தேசம்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் குரல்கள் என் ஜன்னல் வரை ஏறிவரத் தொடங்கினால், பருவம் வந்துவிட்டதென்று பொருள். அதன்பின் சில வாரங்களில், பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதத்தை உறையோடு நெஞ்சில் அணைத்தபடி யாரேனும் ஒரு தகப்பனாரோ தாயாரோ என் வாசலில் வந்து நிற்பதும், முப்பது ஆண்டுகள் இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவன் என்ற உரிமையில் ஜாமீன் கையெழுத்துக் கேட்பதும் வழக்கமாகிவிட்டன. அவர்கள் எல்லோரிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: "கடைசி ஆண்டுக்குப் பணம் எங்கிருந்து வரும்?" எனக்குக் கிடைக்கும் விடையும் பெரும்பாலும் ஒன்றே: "முதலில் சேரட்டும் சார், அப்புறம் ஆண்டவன் விட்ட வழி."

இந்த விடையை வாசலில் நின்று தனித்தனியே மறுத்துப் பேசுவதைக் காட்டிலும், எல்லோருக்கும் பொதுவாக ஒரு மடல் எழுதிவிடுவது மேலென்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

கடல் கடந்து கற்பதற்கு நான் விரோதியல்லேன். கடல் கடந்து வந்தவர்களாலேயே ஆன தீவு இது; இதில் இருந்துகொண்டு பிரயாணத்தைப் பழிப்பது நன்றி மறத்தலாகும். நம் நகரத்துப் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் பயின்ற வூ லியென் தே என்னும் சீன இளைஞர், ஒரு பொற்கொல்லரின் மகன், 1896-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். மஞ்சூரியாவில் 1910-இல் மூண்ட கொடிய பிளேக்கை அடுத்த ஆண்டு அடக்கிக் காட்டிய மருத்துவ மேதை அவரே. அவர் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. அவரை அனுப்பியது தகப்பனாரின் பட்டறையன்று. மகாராணியார் பெயரால் வழங்கப்பட்ட உபகாரச் சம்பளமே அவரை அனுப்பியது. அன்று கடல் கடந்தவர்கள் சிலர். அவர்களில் ஏழை வீட்டுப் பிள்ளைகளை அனுப்பிய செலவு பிறருடையது. இன்று கடல் கடப்பவர்கள் பலர். செலவு முழுவதும் பெற்றோருடையது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை உணராமல் பழைய பெருமையை மட்டும் நாம் எடுத்துக்கொள்வதே இன்றைய சிரமங்களின் வேர்.

இடைக்காலத்தில் ஒரு தலைமுறைக்கு வழி சற்று எளிதாயிருந்தது உண்மை. பிரிட்டனின் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டவரிடமும் உள்நாட்டவரிடமும் ஏறக்குறைய ஒரே கட்டணம் பெற்றுவந்த காலம் அது. 1967-இல் அங்குள்ள அரசாங்கம் உள்நாட்டு மாணவருக்கு 70 பவுன் என்றும் வெளிநாட்டு மாணவருக்கு 250 பவுன் என்றும் முதன்முறையாகப் பேதம் வகுத்தது. 1980-இல் தாட்சர் அம்மையாரின் அரசாங்கம், புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர் தம் படிப்புக்கு ஆகும் செலவு முழுவதையும் தாமே செலுத்த வேண்டுமென்று விதித்தது. அந்நாளில் அங்கே பயின்ற வெளிநாட்டவருள் மலேசியர் பெருந்தொகையினர். ஆகவே அடி நம் வீடுகளில்தான் பலமாக விழுந்தது. மறு ஆண்டு நம் பிரதமர் டாக்டர் மகாதீர் அறிவித்த, பிரிட்டிஷ் சரக்கைக் கடைசியாக வாங்கும் கொள்கைக்கு அந்தக் கட்டண உயர்வும் ஒரு காரணமென்பது பலருக்கு நினைவிருக்கலாம். அரசாங்கத்துக்குக் கோபம் வந்தால் சரக்கு வாங்குவதை நிறுத்தலாம்; ஆனால் நடுவழியில் நிற்கும் ஒரு பிள்ளையின் தகப்பனாருக்கு எதை நிறுத்துவது?

இத்தனைக்கும் பிறகு நம்மவர் ஏன் வெளிநாட்டை நாடுகிறார்களென்று கேட்பவர்களுக்கு விடை நீண்டதன்று. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு முன்படியான மெட்ரிகுலேஷன் வகுப்புகளில் பூமிபுத்திரா அல்லாதார்க்கு 2003 முதல் நூற்றுக்குப் பத்து இடங்களே ஒதுக்கப்பட்டு வந்திருக்கின்றன, உயர்நிலைப் பள்ளித் தேர்வாகிய எஸ்.டி.பி.எம். தேறியவர்க்கும் விரும்பிய துறை கிடைப்பது அரிது. விரும்பாத துறை கிடைத்த பிள்ளை ஏங்குகிறது. அந்த ஏக்கத்தைக் காணப் பொறாத பெற்றோர் உறவினரைத் தேடுகிறார்கள், பிறகு ஏஜென்ட்டைத் தேடுகிறார்கள். தேசிய உயர்கல்வி நிதியாகிய பி.டி.பி.டி.என். கடனோ உள்நாட்டுக் கல்விக்கூடங்களுக்கு மட்டுமே உரியது. ஆக, கடல் கடந்தவுடன் அரசாங்கத்தின் கை விலகிக்கொள்கிறது. எஞ்சுவது நம் கை மட்டுமே. அந்தக் கையின் பலத்தை அளந்து பார்க்கச் சொல்வதே என் நோக்கம்.

முதலில், விசாவுக்காகக் காட்டும் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். மாயம் அங்கேதான் ஆரம்பமாகிறது. பிரிட்டனுக்குச் செல்லும் மாணவர், முதலாண்டுக் கட்டணத்தோடு கூட, லண்டனுக்கு வெளியே தங்குவதாயின் மாதம் 1,171 பவுன் வீதம் ஒன்பது மாதத்துக்கு, அதாவது 10,539 பவுன், தம் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ தொடர்ந்து 28 நாட்கள் வங்கியில் வைத்திருக்க வேண்டுமென்பது 2025 நவம்பர் முதல் அங்குள்ள விதி. மலேசியக் குடிமக்கள் அதற்குரிய வங்கிச் சான்றை மனுவோடு இணைக்க வேண்டியதில்லையென்ற சலுகை உண்டு. எனினும் அதிகாரி விரும்பினால் கேட்கலாம். கேட்கமாட்டார்கள் என்பதும் வேண்டியதில்லை என்பதும் ஒன்றல்ல. அந்தச் சலுகையே நம்மில் பலரை, இல்லாத பணத்தை இருப்பதாக எண்ணி உறங்கவைத்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவிலோ வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 2023 அக்டோபரில் 21,041 டாலரிலிருந்து 24,505 டாலராகவும், எட்டு மாதம் முடியுமுன்பே, 2024 மே 10 முதல், 29,710 டாலராகவும் ஏறிற்று. மனுக் கட்டணம் 710 டாலராயிருந்தது. 2024 ஜூலையில் 1,600, 2025 ஜூலையில் 2,000. விசா மறுக்கப்பட்டாலும் அந்தக் கட்டணம் திரும்பி வராது.

இந்தத் தொகையைப் பலர் எவ்வாறு காட்டுகிறார்களென்பது ஊரறிந்த ரகசியம். மைத்துனரிடம் கொஞ்சம், முதலாளியிடம் கொஞ்சம், அதுவும் போதாதபோது, பெயரைச் சொல்லவே நா கூசும் வட்டிக்காரரிடம் மீதி என்று திரட்டி, கணக்கில் போட்டு, 28 நாட்கள் கோழி முட்டையை அடைகாப்பதுபோல் காத்து, விசா வந்த மறுநாளே எடுத்து உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதிகாரி ஏமாந்தாரென்று அவர்கள் நினைக்கிறார்கள். ஏமாந்தவர் அதிகாரியல்லர். வாழ்வதற்கு இவ்வளவு தேவையென்று அந்நாட்டார் விசாரித்தறிந்து சொன்ன செய்தியை, வாசற்படியில் வசூலிக்கும் சுங்கமாக எண்ணி நாம் தாண்டிவிட்டோம். உள்ளே சென்ற பிள்ளைக்கோ வாடகையும் உணவும் அந்தத் தொகைக்குச் சற்றும் குறையாமல் மாதந்தோறும் ஆகின்றன. காட்டிய பணம் திரும்பிப் போயிற்று. செலவு மட்டும் அங்கேயே நிற்கிறது. அதன்றியும், மருத்துவச் சேவைக்கென்று ஆண்டுக்கு 776 பவுன் வீதம், விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து முன்கூட்டியே செலுத்தியாக வேண்டும். மூன்றாண்டுப் படிப்பென்றால் புறப்படுமுன்பே 2,300 பவுனுக்கு மேல் அந்த ஓர் இனத்திலேயே போய்விடுகிறது.

இரண்டாவது, நாணய மாற்று விகிதம். நம் சம்பளம் மலேசிய வெள்ளியில் வருகிறது. பிள்ளையின் பசி பவுனில் எழுகிறது. ஆண்டுக் கட்டணம் 20,000 பவுனென்றும், தங்குசெலவு மேற்சொன்ன 10,539 பவுனென்றும் வைத்துக்கொண்டால் ஆண்டொன்றுக்கு 30,539 பவுன். பவுனின் விலை ஐந்தரை வெள்ளியிலிருந்து ஆறு வெள்ளியாக ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். காப்பிக் கடையில் நமக்குப் பொருட்டாகத் தோன்றாத அந்த அரை வெள்ளி, ஆண்டுச் செலவை ஏறக்குறைய 15,270 வெள்ளி உயர்த்திவிடுகிறது. இந்நாட்டில் சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளமாகிய 1,700 வெள்ளியைப் பெறும் ஒரு தொழிலாளியின் ஒன்பது மாத உழைப்புக்கு அது சமானம்.

இது கற்பனைப் பயமன்று. என் தமக்கை மகன் 1996-இல் எஞ்சினியரிங் பயில வட இங்கிலாந்துக்குச் சென்றான். என் மைத்துனர் துறைமுகத்தில் கணக்கர், சிக்கனத்துக்குப் பெயர்போனவர், மூன்றாண்டுக்குரிய தொகையையும் ஒருவாறு திட்டமிட்டே அனுப்பினார். ஆனால் அவர் திட்டமிட்டது அன்றைய விலையில். 1997-இன் நடுவில் அமெரிக்க டாலருக்கு இரண்டரை வெள்ளியாயிருந்த விகிதம், 1998 ஜனவரியில் 4.88 வரை சரிந்தது. பவுனும் அதற்கேற்ப எட்டாத உயரத்துக்குச் சென்றது. செப்டம்பரில் அரசாங்கம் டாலரை 3.80-இல் கட்டிவைப்பதற்குள், என் தமக்கையின் கழுத்திலும் கையிலும் இருந்தவை, தாலிக்கொடி நீங்கலாக, ஒவ்வொன்றாய்க் கடைத்தெருவுக்குப் போய்விட்டிருந்தன. இரண்டாம் ஆண்டு முடிந்ததும் பையன் திரும்பினான். இங்கே ஒரு கல்லூரியில் சேர்ந்தபோது, அங்கே கற்ற பாடங்களிற் சிலவற்றை மட்டுமே அவர்கள் ஏற்றார்கள்; ஓராண்டில் முடிய வேண்டியது இரண்டரை ஆண்டாயிற்று. இன்று அவன் பாயான் லெப்பாஸில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான், அழுவதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், விமான நிலையத்தில் மாலையோடு வழியனுப்பிய ஐம்பது பேரில், திரும்பி வந்த இரவில் வாசலில் இருந்தவர்கள் மூவரே என்பதை அவன் இன்றளவும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

மூன்றாவது, பகுதிநேர வேலையைப் பற்றிய நம்பிக்கை. "போன இடத்தில் வேலை செய்து சமாளித்துக்கொள்வான்" என்பது ஏஜென்ட்டுகளின் வாயில் மட்டுமன்றி நம் வாயிலும் சகஜமாகிவிட்டது. பிரிட்டனில் பட்டப் படிப்பு மாணவர் வகுப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமும், ஆஸ்திரேலியாவில் இரு வாரத்துக்கு 48 மணி நேரமுமே வேலை செய்யலாம். பிரிட்டனில் 18 முதல் 20 வயது வரையுள்ளவர்க்கு 2025 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10 பவுன். ஆண்டு முழுவதும் ஒரு வாரமும் தவறாமல், ஒரு மணியும் குறையாமல் வேலை கிடைத்தாலும் அந்த வீதத்தில் மாதம் 870 பவுனை எட்டாது; அந்நாட்டரசே வாழ்வதற்குத் தேவையென்று சொல்லும் தொகையோ 1,171. ஆக, வேலை முழுமையாகக் கிடைத்தாலும் உணவும் வாடகையுமே தீராதபோது, கல்விக் கட்டணத்தை அதிலிருந்து கட்டலாமென்று எண்ணுவது கானல் நீரில் நெல் விதைப்பதாகும். வரம்பை மீறி மறைவாக உழைக்கும் பிள்ளை, கூலி குறைத்துக் கொடுக்கும் முதலாளியிடமும் வாய் திறக்க முடியாமல், விசாவையும் இழக்கும் அபாயத்தில் நாட்களை ஓட்டுகிறது. நாம் அனுப்பியது கற்பதற்கு. அங்கே அது கற்பது பயம்.

நான்காவது, மலிவைத் தேடி மேற்கை விட்டு வேறு திசைகளில் செல்வது. அதில் தவறில்லை; சென்னையிலும் மணிப்பாலிலும் பயின்று வந்த மருத்துவர்கள் கைபட்டுக் குணமானவர்களே நம்மில் பலர். ஆனால் மருத்துவம் போன்ற படிப்புகளில் கட்டணத்தைக் கேட்குமுன் அங்கீகாரத்தைக் கேட்க வேண்டும். கிரிமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நம்மவர் பிள்ளைகள் பலர் பயின்றுகொண்டிருந்த வேளையில், 2005-இல் மலேசிய அரசாங்கம் அதற்கு அளித்திருந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்ததும், அதனால் எழுந்த ஆரவாரமும் கண்ணீரும் மறக்கக் கூடியவையல்ல. இன்று அங்கீகாரமுடைய கல்விக்கூடம் நாளையும் அதனை உடையதாயிருக்குமா என்பதும் கடைசி ஆண்டின் கணக்கிலேயே சேர வேண்டிய கேள்வி.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அனுப்பவே அனுப்பாதீர்களென்று முடித்தால் நான் முதலில் சொன்னதற்கு முரணாகும். என் அபிப்பிராயம் அதுவன்று. வழிகள் உண்டு; அவற்றில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. 1980-களின் கட்டண உயர்வு நம்மை வருத்தியதோடு நில்லாமல், இங்கே சில ஆண்டும் அங்கே சில ஆண்டும் பயிலும் ஏற்பாட்டை இந்நாட்டுத் தனியார் கல்லூரிகளில் வளர்த்தது. 1998-இன் நாணயச் சரிவு, மூன்றாண்டையும் இங்கேயே முடித்து வெளிநாட்டுப் பட்டம் பெறும் ஏற்பாட்டைத் தந்தது. 1996-இன் தனியார் உயர்கல்விச் சட்டத்தின் பயனாக மோனாஷ் 1998-இலும், நாட்டிங்ஹாம் 2000-த்திலும் இங்கேயே வளாகம் திறந்தன. நம் ஜார்ஜ் டவுனிலேயே, சிப்பாய் லைன்ஸ் சாலையில், அயர்லாந்தின் இரு கல்வி நிலையங்கள் 1996-இல் நிறுவிய மருத்துவக் கல்லூரி இருக்கிறது; முதல் இரண்டரை ஆண்டு டப்ளினில் பயின்று, எஞ்சிய காலத்தை இங்குள்ள மருத்துவமனைகளில் கழிப்பது அதன் முறை. அதுவும் மலிவானதன்று, எனினும் பிள்ளையின் கடைசி ஆண்டுகள் வீட்டுச் சோற்றோடு கழிகின்றன. கெடாவில் செமிலிங்கில் நம் சமுதாயம் எழுப்பிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1969-இல் நிறுவப்பட்டு, இன்று மிண்டனில் நிற்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமோ, நம் ஃபிளாட்டுகளிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தொலைவுதான். இளங்கலையை இங்கே முடித்துவிட்டு, மேற்படிப்புக்கு உபகாரச் சம்பளத்தோடு வெளிநாடு செல்பவனை, "அப்போதே போகவில்லையே" என்று எவரும் இகழ்வதில்லை.

சேமநிதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மே முதல் ஊழியர் சேமநிதியில் நாம் இடும் சந்தா, ஓய்வுக்கு 75, நல்வாழ்வுக் கணக்குக்கு 15, எந்நேரமும் எடுக்கக்கூடிய கணக்குக்கு 10 என்று நூற்றுக்குப் பிரிக்கப்படுகிறது. கல்விக்கென எடுக்கத்தக்கது அந்த நல்வாழ்வுக் கணக்கே. ஓய்வுக் கணக்கைத் தொடவிடாமல் சட்டம் காப்பதைச் சிலர் குறையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனைக் குறையென்று நான் கருதவில்லை. முதுமையில் கையேந்தும் தாய் தகப்பனே ஒரு பட்டதாரிக்கு மிகப் பெரிய கடன்.

இனி, பெற்றோரோடு கூட, இவ்வட்டாரத்துக் கோயில் நிர்வாகத்தினருக்கும் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். ஒவ்வோர் ஆண்டும் புறப்படும் பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, சால்வை போர்த்தி, ஐந்நூறோ ஆயிரமோ வெள்ளிக்குக் காசோலை கொடுத்துப் படமெடுத்துக்கொள்கிறோம். அன்புதான், ஆனால் அது வந்துசேர்வது, குடும்பத்தில் பணமும் உற்சாகமும் நிறைந்திருக்கும் முதல் ஆண்டில். எல்லாம் வற்றிப்போய், இன்னும் இரண்டு தவணை கட்டினால் பட்டம் கைக்கு வருமென்று நிற்கும் கடைசி ஆண்டில் மேடையும் இல்லை, காசோலையும் இல்லை. அந்தப் பணத்தை ஒன்றாகத் திரட்டி, கடைசி ஆண்டில் இடறி நிற்கும் ஓரிருவருக்குத் திருப்பிச் செலுத்தும் கடனாகக் கொடுக்கும் நிதியொன்றை நாம் ஏன் அமைக்கலாகாது? தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் திரட்டி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் துன் சம்பந்தன் நிறுவவில்லையா? மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு நிலையான இடம் வேண்டுமென்று கோ. சாரங்கபாணியார் "தமிழ் எங்கள் உயிர்" நிதி திரட்டியபோது, பால்மரம் சீவிய கைகள் வெள்ளி வெள்ளியாகக் கொடுக்கவில்லையா? அவர்களைவிட நாம் ஏழைகளல்லோம். வீட்டுக் கூட்டு (சீட்டு) முறையில் இதனை நடத்தலாமென்று சிலர் சொல்லக்கூடும். கூட்டு நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. அதில் பணம் இழந்தவர் கதைகளும் நமக்குத் தெரியும். ஆகையால் பதிவு பெற்ற சங்கமாக, தணிக்கைக்கு உட்பட்ட கணக்கோடு அது நடைபெற வேண்டும். முதல் சந்தாவாக என் ஓய்வூதியத்தில் ஒரு மாதத்துத் தொகையைக் கொடுக்க நான் சித்தமாயிருக்கிறேன்.

பினாங்கு என்றால் பாக்கு. நம் வட்டாரத்தின் பெயரோ பாக்கு ஆறு. வெற்றிலை பாக்கு மாற்றியபின் சொல் பிறழ்வது நம் மரபில் இல்லை. அதனால்தான் மாற்றுமுன் பெரியவர்கள் பலமுறை யோசித்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டுவதும் பாக்கு மாற்றுவது போன்றதே. ஆகவே கட்டுமுன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். ஒரு தாளை எடுத்து, முதலாண்டை விட்டுவிட்டு, கடைசி ஆண்டின் கணக்கை முதலில் எழுதுங்கள்: கட்டணம் எவ்வளவு, தங்குசெலவு எவ்வளவு, பவுனோ டாலரோ அரை வெள்ளி ஏறினால் எவ்வளவு, அப்போது வீட்டில் சம்பாதிப்பவர் யார், அவருக்கு வயது என்ன. எழுதும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பதினெட்டு வயதில் அந்நிய நாட்டில் தனித்து வாழத் தகுதியுடையதென்று நீங்கள் நம்பும் பிள்ளை, தன் வீட்டின் நிலையை அறியவும் தகுதியுடையதுதான். அந்தத் தாள் நிறைந்தால், அதனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். எந்த நேரமாயினும் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறேன்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
ஓய்வுபெற்ற ஆசிரியன் ஒருவன்,
சுங்கை பினாங், ஜார்ஜ் டவுன்.